கழற்றிப் போட்ட டயர்கள்

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஒரு டயர் கடை வாசலில் என் முறைக்காகக் காத்திருந்தபோது, கழற்றிப் போட்ட பழைய டயர்களின் குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே மாடல் பின்சக்கர டயர்கள் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒன்று நடுவில் மட்டும் சப்பையாகத் தேய்ந்திருந்தது. இரண்டு ஓரங்களிலும் பட்டன் புதுக்கருக்கு மாறாமல் இருந்தது. மற்றதில் நடுப்பகுதியில் பள்ளம் இன்னும் மிச்சம் இருக்க, ஓரங்கள் சொரசொரத்து ரப்பர் உருண்டு திரண்டிருந்தது. கடைக்காரர் முதலாவதைக் காலால் தட்டினார். “இது ஓஎம்ஆர் வண்டி சார். நேரா போய் நேரா வந்திருக்கு. பதிமூணாயிரம் ஓடிருச்சு.” அடுத்ததைக் காட்டி, “இது இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் பார்ட்டி. நாலாயிரம்கூடத் தாண்டல” என்றார்.

ஸ்போர்ட் பைக் வாங்கியவர் முதல் சர்வீஸ் முடிந்த கையோடு கேட்கிற கேள்வி, “டயர் எவ்வளவு வரும்?” என்பது. நாலாயிரம் என்று ஒருவர் சொல்வார், பதினைந்தாயிரம் என்று இன்னொருவர் சத்தியம் செய்வார். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. அலுவலகம் போய்வரும் 100 சிசி வண்டியில் யார் ஓட்டினாலும் இந்த எண் ஓரளவு பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். ஸ்போர்ட் பைக்கில் மட்டும் அது ரப்பரைப் போலவே இழுபடுகிறது. எவ்வளவு இழுபடும், எதனால் இழுபடும் என்று பார்ப்பதற்கு, மிகக் குறைந்த ஆயுளிலிருந்து தொடங்குவது வசதி.

மோட்டோஜிபி பந்தயம் ஒன்றின் தூரம் ஏறத்தாழ 100 முதல் 120 கி.மீ. அந்த முக்கால் மணி நேரத்தோடு அந்த ஸ்லிக் டயரின் ஜாதகம் முடிந்தது. பொதுச் சாலையிலேயே நடக்கும் ஐல் ஆஃப் மேன் டிடி பந்தயத்தில் ஒரு சுற்று 60.7 கி.மீ. ஆறு சுற்றுப் பந்தயத்தில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை பெட்ரோல் நிரப்ப நிற்கும்போது, வழக்கமாகப் பின்சக்கரத்தையும் மாற்றிவிடுவார்கள். அதாவது 121 கி.மீ.க்கு ஒரு பின் டயர். நம் சாலைக் கணக்கில் சென்னையிலிருந்து திண்டிவனம் வரைக்கும் போகும் தூரம்.

அதற்கு ஒரு படி கீழே, ரேஸ் டிராக்குக்கும் ரோட்டுக்கும் பொதுவாகச் செய்யப்படும் மிருதுவான டயர்கள். பைரெல்லியின் சூப்பர்கோர்சா போன்றவை இந்த வகை. லிட்டர் பைக்கில் பின் டயர் ரோட்டில் இரண்டாயிரம் முதல் நாலாயிரம் கி.மீ. வந்தால் யாரும் குறை சொல்வதில்லை. டிராக்கில் கிலோமீட்டர் கணக்கே போய்விடும். இரண்டு நாள், மூன்று நாள் என்றுதான் பேசுவார்கள். அடுத்த படி ரோடு ஸ்போர்ட் டயர்கள்: ஐயாயிரத்திலிருந்து எட்டாயிரம். அதற்கும் கீழே ஸ்போர்ட் டூரிங் டயர்கள்: பத்தாயிரத்தில் தொடங்கிப் பதினைந்தாயிரத்தையும் எட்டும். 150, 200 சிசி ஸ்போர்ட் பைக்குகளில் வரும் கெட்டியான டயர்கள் இருபதாயிரத்தையும் தாண்டுவது உண்டு. இவை எல்லாம் பின் டயருக்கான கணக்கு. சாதாரணமாக இரண்டு பின் டயருக்கு ஒரு முன் டயர், அல்லது மூன்றுக்கு இரண்டு என்று மாற்ற வேண்டியிருக்கும்.

இந்த எண்களை யார் வேண்டுமானாலும் அடுக்கிவிடலாம். ஒரே படிக்குள்ளேயே ஒருவருக்கு ஐயாயிரமும் இன்னொருவருக்கு எட்டாயிரமும் வருவது எப்படி என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

தன்பாட்டுக்கு உருண்டு போகும் டயர் கிட்டத்தட்டத் தேய்வதே இல்லை. இழுவிசையோ பிரேக்கோ பக்கவாட்டு விசையோ வரும்போது, ரோட்டைத் தொடும் உள்ளங்கையளவு ரப்பரின் ஒரு பகுதி மெல்ல நழுவுகிறது. கண்ணுக்குத் தெரியாத நழுவல். ஆக்ஸிலரேட்டரைத் திருகும்போது பின்சக்கரம் வண்டியின் வேகத்தைவிடத் துளி கூடுதலாகச் சுற்றுகிறது. அந்தத் துளிதான் ரப்பரை அராவுகிறது. இங்கிலாந்தில் இயற்கை ரப்பர் ஆய்வில் இருந்த அடால்ஃப் ஷாலமாக் என்பவர் 1950களிலும் 60களிலும் இதைக் குடைந்து குடைந்து ஆராய்ந்தார். தேய்ந்த ரப்பரின் மேல், நழுவும் திசைக்குக் குறுக்கே வரிவரியாக எழும் மேடுகளுக்கு இன்றும் அவர் பெயர்தான். டிராக்கில் ஓடிய டயரின் ஓரத்தைத் தடவினால் விரலில் தட்டுப்படுவது அவற்றின் உறவினர்தான். பக்கவாட்டில் நழுவும் சக்கரத்தின் தேய்மானம் அந்த விசையின் இருமடியாக ஏறுகிறது என்பது அந்த ஆய்வுகளில் வந்த ஒரு முடிவு. விசை இரண்டு மடங்கானால் தேய்மானம் நான்கு மடங்கு.

இதை வளைவில் வைத்துப் பார்த்தால் தலை சுற்றும். வளைவில் டயர் தாங்க வேண்டிய பக்கவாட்டு விசை வேகத்தின் இருமடி. தேய்மானம் அந்த விசையின் இருமடி. ஆக, தேய்மானம் வேகத்தின் நான்மடியாகிறது. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு இடையே வரும் சற்று அகலமான வளைவு ஒன்றை 40 கி.மீ. வேகத்தில் எடுப்பவரையும் 60-இல் எடுப்பவரையும் ஒப்பிடுங்கள். வேகம் ஒன்றரை மடங்கு. தேய்மானம் கணக்குப்படி ஐந்து மடங்கு. மோட்டார்சைக்கிள் சாய்ந்து திரும்புவதால் திருப்பும் விசையில் பெரும்பங்கு சாய்விலிருந்தே வந்துவிடுகிறது. ஆகவே காரைப் போல இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் போக்கு இதுதான். “ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே போனோம், என் டயர் மட்டும் ஏன் போச்சு?” என்று கேட்பவருக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

நேர் ரோட்டிலும் தப்பிக்க முடியாது. வேகம் ஏற ஏற வண்டியைத் தடுக்கும் காற்றின் விசை வேகத்தின் இருமடியாக ஏறும். 100-இல் போவதற்கும் 140-இல் போவதற்கும் காற்றுத் தடை ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம். அந்தச் சுமை முழுவதையும் பின் டயரின் நடுப்பட்டைதான் ரோட்டில் ஊன்றித் தள்ள வேண்டும். அதே இருமடிக் கணக்கைப் போட்டால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நாலு மடங்கு தேய்மானம் என்று வருகிறது. சூடு கூடுவதால் வரும் கேடு தனி. நெடுஞ்சாலையில் ஆயிரம் கி.மீ. ஓட்டிய பின் டயர் நகரத்தில் ஆயிரம் ஓட்டியதைவிட அதிகம் தேயுமா, குறைவாகத் தேயுமா என்ற பழைய தகராறு இங்கேதான் தீர்கிறது. 90-இல் சீராகப் போனால் நெடுஞ்சாலைதான் டயருக்குச் சொர்க்கம். சிக்னலுக்குச் சிக்னல் இழுத்துப் பிடித்து நிறுத்துகிற நகரம் அதைவிட மோசம். 140-இல் போனால் நகரமே தேவலை.

முன் டயரின் கதை வேறு. அதற்கு இஞ்சினின் இழுப்பு கிடையாது, பிரேக்கும் திருப்பமும்தான். மலையிறக்கத்தில் முன் பிரேக்கையே நம்பி இறங்குபவர்களின் முன் டயர் பட்டன்களில், ஒரு விளிம்பு உயரமாகவும் மறு விளிம்பு தாழ்வாகவும் மேடு பள்ளமாகிவிடும். கையால் ஒரு திசையில் தடவினால் வழுவழுப்பு, எதிர்த் திசையில் ரம்பம். அந்த நிலையில் ஆழம் எத்தனை மில்லிமீட்டர் மிச்சமிருந்தாலும் ஹேண்டில் பாரில் அதிர்வு வரும். ஊளையிடும் சத்தமும் சேர்ந்துகொள்ளும். ஷாக் அப்சார்பர் தளர்ந்திருந்தாலும் காற்று குறைந்திருந்தாலும் இது இன்னும் சீக்கிரம் வரும்.

ஒரு பக்கம் மட்டும் அதிகம் தேய்வதைப் பற்றி ஓட்டுபவர்களிடையே முடியாத விவாதம் ஒன்று உண்டு. இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில் வலது ஓரம் முந்திக்கொள்கிறது என்பது பலரின் அனுபவம். வலப்பக்க வளைவில் நாம் வெளிப்புற வட்டத்தில் போகிறோம். எதிரே என்ன வருகிறது என்பது தெரிகிறது, தைரியமாகச் சாய்கிறோம், சாய்ந்தே கூடுதல் தூரமும் போகிறோம். ரவுண்டானாவிலும் வலப்பக்கம்தான் நீண்ட சாய்வு. ரோட்டின் நடுமேடுதான் காரணம் என்பாரும் உண்டு. எனக்கு முதல் விளக்கம் போதும்.

ஓட்டுபவர், வண்டி, டயர் மூன்றும் மாறாமல் ரோடு மட்டும் மாறினால் என்ன ஆகும்? இதற்கு 2013 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் பிலிப் தீவில் உலகமே பார்க்க ஒரு பரிசோதனை நடந்தது. யாரும் திட்டமிடாத பரிசோதனை. அந்த டிராக்குக்குப் புதிதாகத் தார் போட்டிருந்தார்கள். புதுப் பரப்பின் பிடிப்பு அபாரம். அந்தப் பிடிப்பை நம்பி வேகமும் கூட, டயரில் ஏறும் சூடும் கூடியது. இடஞ்சுழியாக ஓடும் அந்த டிராக்கில் நீளமான வேக வளைவுகள் இடப்பக்கம்தான். எல்லாச் சுமையும் பின் டயரின் இடது தோளில் போய் விழுந்தது. பயிற்சி ஓட்டங்களிலேயே டயர்களில் கொப்புளம் எழும்பத் தொடங்கிவிட்டது. வழக்கமாக 27 சுற்று, 120 கி.மீ. ஓடும் பந்தயத்தை 19 சுற்றாகக் குறைத்து, ஒரு டயரில் பத்துச் சுற்றுக்கு மேல் ஓடக்கூடாது, நடுவில் வந்து வண்டியை மாற்ற வேண்டும் என்று அறிவித்தார்கள். பத்துச் சுற்று என்பது 44 கி.மீ. சொச்சம். உள்ளே வர வேண்டிய சுற்றைத் தவறவிட்ட மார்க் மார்க்கெஸ் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். ஹோர்கே லொரென்சோ வென்றார். 120 கி.மீ. வர வேண்டியது 44-க்கு இறங்கியது. மேற்பரப்பில் பூசிய சில அங்குலத் தாரின் வேலை இது.

நமக்கு அவ்வளவு நாடகம் வேண்டியதில்லை. பழைய தார் ரோட்டில் கல் பளபளத்திருக்கும். டயர் நீடிக்கும், மழையில் வழுக்கும். புதிதாக ஜல்லி துருத்திக்கொண்டிருக்கும் ரோடும், குறுக்குக் கீறல் போட்ட சிமென்ட் ரோடும் உப்புத்தாளைப் போல ரப்பரை உரிக்கும்.

சூட்டுக்கு வருவோம். ஸ்போர்ட் டயரின் ரப்பர் குளிரில் கெட்டியாகவும் சூட்டில் பசைபோலவும் நடந்துகொள்ளும்படி கலக்கப்பட்டது. டிராக் டயர்களுக்கு 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறினால்தான் உயிர் வரும். அதற்காகத்தான் பந்தயத்துக்கு முன்னால் மின்கம்பளம் போர்த்தி வைக்கிறார்கள். ஒவ்வொரு முறை அப்படிச் சூடாகி ஆறும்போதும் ரப்பர் கொஞ்சம் கெட்டிப்படுகிறது. பத்துப் பதினைந்து முறை அப்படி ஆன டயரில் பட்டன் மிச்சம் இருக்கும், பிடிப்பு இருக்காது. டிராக் ஆட்கள் அதை “செத்த டயர்” என்பார்கள். டிராக்கில் கழற்றியதை வாங்கி ரோட்டில் ஓட்டினால் மலிவு என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். பணம் மிச்சம், பிடிப்பு போச்சு.

மே மாதச் சென்னையில் தார் ரோடு 60 டிகிரியை எட்டும். ரோடு கொடுக்கும் சூட்டைவிட, காற்று குறைந்த டயர் தனக்குத் தானே உண்டாக்கிக்கொள்ளும் சூடுதான் ஆபத்து. காற்று குறையும்போது டயரின் உடம்பு ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக நெளிகிறது. நெளிந்து நெளிந்து உள்ளே வேகிறது. பெரிய ஸ்போர்ட் பைக்குகள் பலவற்றில் கம்பெனி சொல்லும் அளவு முன்னால் 36, பின்னால் 42 பிஎஸ்ஐ. அது குளிர்ந்த டயரில் பார்க்க வேண்டிய அளவு. ஐந்தாறு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ கூடும் என்பதால், பத்துக் கிலோமீட்டர் ஓட்டிப்போய் பங்கில் 42 வைத்துக்கொண்டால் மறுநாள் காலையில் அது 38-ஆக இருக்கலாம். டிராக்கில் வேண்டுமென்றே காற்றைக் குறைப்பார்கள். சூடேறியதும் அது சரியான அளவுக்கு ஏறிவிடும் என்ற கணக்கு அது. அதைப் பார்த்துவிட்டு ரோட்டிலும் குறைத்து ஓட்டுபவர்களை ஈசிஆர் டீக்கடைகளில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நிறையப் பார்க்கலாம். நைட்ரஜன் நிரப்பினால் டயர் நீடிக்குமா என்று கேட்பார்கள். நாம் மூச்சுவிடும் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். அந்த ஐம்பது ரூபாயில் சொந்தமாக ஒரு கேஜ் வாங்கச் சேர்த்து வைக்கலாம்.

டயர் கம்பெனிகள் இந்தச் சிக்கலுக்குக் கண்டுபிடித்த பெரிய உபாயம் இரட்டைக் கலவை. நடுப்பட்டையில் கெட்டி ரப்பர், தோள்களில் மிருது ரப்பர். நேராகப் போகும்போது நீடிக்கும், சாயும்போது பிடிக்கும். கூடவே, கரித்தூளுக்குப் பதிலாகவோ அதோடு சேர்த்தோ சிலிக்கா கலந்ததில், சூடேறாத டயரும் ஈரத்தில் பிடிக்கத் தொடங்கியது. இவை இரண்டும் சேர்ந்ததால்தான் பதினைந்தாயிரம் ஓடும் டயர் வளைவிலும் நம்பும்படி இருக்கிறது. டிவிஎஸ் தன் அப்பாச்சி ஆர்ஆர் 310-க்கு 2020-இல் மிஷ்லின் ரோடு 5 டயர்களைக் கொடுத்தது; அது டூரிங் வம்சம். பந்தயத் தோற்றமுள்ள வண்டிக்கு டூரிங் டயரா என்று அப்போது சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அது சரியான தேர்வாகவே பட்டது. நகரத்திலும் ஈசிஆரிலும் ஓடும் 300 சிசி வண்டி, டிராக் டயருக்கு வேண்டிய சூட்டை எப்போதும் தொடப்போவதில்லை. சூடேறாத மிருது டயர் கெட்டி டயரைவிட மோசமாகப் பிடித்து, அதைவிடச் சீக்கிரம் தேயும். இரண்டு பக்கமும் நஷ்டம். ஓரத்தில் தேயாமல் மிஞ்சும் “சிக்கன் ஸ்ட்ரிப்” பட்டையைக் கண்டு கேலி செய்வார்களே என்று மிருது டயர் வாங்குவதைப்போல வீண்செலவு வேறில்லை.

டயர் எப்போது முடிந்தது என்று யார் முடிவு செய்வது? பள்ளங்களுக்குள் சின்ன மேடாக நிற்கும் தேய்மானக் குறி மோட்டார்சைக்கிள் டயர்களில் பெரும்பாலும் 0.8 மி.மீ. உயரம். பிரிட்டனில் சட்டம் 1 மி.மீ. கேட்கிறது, ஜெர்மனியில் 1.6. ஒரே டயர் எல்லை தாண்டும்போது சட்டப்படி இளமையாகவும் முதுமையாகவும் ஆகிவிடும். “எனக்கு இவ்வளவு வந்தது” என்று வெளிநாட்டு ஓட்டுபவர்கள் சொல்லும் கணக்கை இதை நினைவில் வைத்துத்தான் படிக்க வேண்டும். உண்மையில் ஸ்போர்ட் பைக்கில் டயர் இந்தக் குறியைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிடுவது உண்டு. ஓஎம்ஆர் டயர் அப்படிப்பட்டது. நடு சப்பையாகி இரண்டு பக்கமும் வரப்பு கட்டிய பிறகு, சாய்க்கும்போது வண்டி முதலில் அடம்பிடிக்கும், வரப்பைத் தாண்டியதும் சட்டென்று விழுகிறாற்போல் சாயும். சதுரமான டயரில் ஈசிஆர் போகலாம், ஏற்காடு போகக்கூடாது.

கடைசியாக, ஓடாமலே முடியும் டயர். ஸ்போர்ட் பைக் வைத்திருப்பவர்களில் ஒரு பெரும் பங்கு மாதம் இருநூறு கி.மீ.கூட ஓட்டுவதில்லை. அவர்களுடைய டயரைத் தேய்ப்பது காலம்தான். காற்றிலுள்ள ஓசோனும் வெயிலும் ரப்பரை வெட்டுகின்றன. பள்ளங்களின் அடியில் தலைமுடி அளவு விரிசல்கள் ஓடும். ஐந்து வருடத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் கடையில் காட்டிப் பார்க்கச் சொல்கிறது மிஷ்லின். பத்தாவது வருடத்தில் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றச் சொல்கிறது. பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கம்தான் பிறந்த தேதி: 2322 என்றால் 2022-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். 2020 ஜூனில் இந்திய அரசு டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதித்த பிறகு, பெரிய வண்டிகளின் அளவுகளுக்குக் கொஞ்ச காலம் அலைய வேண்டியிருந்தது. கிடைத்ததை வாங்கு என்ற நிலையில் அந்த நான்கு இலக்கத்தை யார் பார்த்தார்கள்? பார்த்தவர்கள் சிலர், இரண்டு வயதான “புது” டயரைப் புது விலை கொடுத்தே வாங்கினார்கள்.

அன்று ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் நான் காத்திருந்தது என்னுடைய பின் டயருக்காக. ஸ்போர்ட் டூரிங் வகை, ஒன்பதாயிரம் ஓடியிருந்தது. காற்றை வாரம் தவறாமல் பார்த்து, 100-ஐத் தாண்டாமல், மலையில் கண்ணும் கருத்துமாக ஓட்டிக் காப்பாற்றிய டயர். குறியைத் தொட இன்னும் இரண்டு மி.மீ. பாக்கி. நாலாயிரமாவது தாங்கும் என்று மனக்கணக்கு போட்டு வைத்திருந்தேன். கேளம்பாக்கத்தில் கட்டடம் கட்டும் ஒரு மனை வாசலில் இரண்டரை அங்குல ஆணி தோள்பட்டையில் சாய்வாக ஏறி, உள்ளே நூல் அடுக்கைக் கிழித்துவிட்டிருந்தது. நடுவில் ஏறியிருந்தால் திரி போட்டு அடைத்திருப்பார், தோளில் அடைக்கக்கூடாது. கடைக்காரர் ஆணியை இடுக்கியால் பிடுங்கி என் கையில் கொடுத்துவிட்டு, டயரைக் குவியலின் மேல் வீசினார். அது உருண்டுபோய் ஓஎம்ஆர் வண்டியின் டயர்மேல் சாய்ந்து நின்றது.